நாகலெட்சுமியின் சத்துப் பொடி

இன்றைக்கு மழை வரும் என்று யாராவது சொன்னால் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். வீரம்மா சொன்னவரின் முகத்தைப் பார்ப்பாள். இவன் எதற்காக இதை நம்மிடம் வந்து சொல்கிறான், இதில் இவனுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று யோசித்து முடித்த பிறகுதான் கம்பளியைத் தேடுவாள். இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவளுக்குப் ‘பொலிஸ்கார வீரம்மா’ என்று பெயர். அவள் காதுபடச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்காக அவளைப் பொல்லாதவள் என்று தள்ளிவிட முடியாது. கொழுந்து நிறுக்கும்போது தராசுத் தட்டில் யாருடைய விரல் படுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். புருஷன் இராமையா கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைக் குடித்துக் குடித்து ஈரல் வெந்து கிடந்த காலத்தில், “விட்டுட்டேன், மாரியாத்தா சத்தியம்” என்று அவன் அழுததை நம்பாமல், லயத்து வரிசையில் அவர்கள் குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவுக்குள் தள்ளிப் பூட்டியவளும் அவள்தான். அவன் நடுங்கினான், வாந்தி எடுத்தான், கதவை உதைத்தான், அவளுடைய வம்சத்தையே இழுத்து வைத்து வைதான். அவள் அசையவில்லை. கஞ்சியையும் எலுமிச்சம் தண்ணீரையும் உள்ளே நீட்டிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளில் ஆள் தெளிந்து வெளியே வந்தான். அதன் பிறகு கசிப்பைத் தொடவில்லை. வாயைக்கூட அதிகம் திறப்பதில்லை.

“நான் மட்டும் நம்பியிருந்தா இந்த மனுசன் இந்நேரம் மண்ணுக்குள்ள” என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்களிடம் சொல்வாள். அது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பது என் எண்ணம்.

உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஆள் ஒருத்தி உண்டு. தங்கை நாகலெட்சுமி. புருஷன் கல் விழுந்து செத்த பிறகு அக்காவின் காம்பராவுக்கே வந்துவிட்டவள். குறி சொல்கிறவன் சொன்னாலும் நம்புவாள், தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா சொன்னாலும் நம்புவாள். “அதுக்குப் பொய் சொல்லவும் தெரியாது, பொய்யக் கண்டுபிடிக்கவும் தெரியாது” என்று வீரம்மா அலுத்துக்கொள்வாள். அலுப்பில் பாசம்தான் அதிகம்.

அந்த நாகலெட்சுமிக்கு முப்பத்தைந்து வயது ஆகும் முன்பே கை முடங்கத் தொடங்கியது. அறுபத்திரண்டாம் வருஷத்துப் பனிக்காலம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. கணுக்கள் வீங்கிச் சிவந்து கொதிக்கும். வெந்நீரில் கையை ஊறவைத்து, ஒவ்வொரு விரலாக அக்கா நீவிவிட்ட பிறகுதான் கூடையைத் தூக்க முடியும். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்திப் போவாள். மலையில் கொழுந்து கிள்ளும்போது கண்ணில் நீர் வடியும். விரல் மடங்காதவளுக்குத் தேயிலைத் தோட்டத்தில் என்ன வேலை? நாளுக்கு நாள் அவளுடைய கூடை இளைத்துக்கொண்டே போனது. கங்காணி சின்னத்தம்பி அரைப் பேர் போடத் தொடங்கினார். அரை நாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு.

“இன்னும் கொஞ்ச நாள் பாப்பேன் லெட்சுமி. அப்புறம் பேர வெட்டச் சொன்னா வெட்டித்தான் ஆகணும். என்னயக் குத்தம் சொல்லாத” என்றார்.

தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த தைலத்தில் சூடு இருந்தது, சுகம் இல்லை. அப்போதுதான் பொன்னையா வைத்தியர் வந்தார். கொட்டகலைக் கடைத்தெருவில் மஃறூப் நானாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னறையை வாடகைக்கு எடுத்து, ‘கொல்லிமலை எலும்புச் சத்துப் பொடி’ என்று பலகை மாட்டியிருந்தார். பிரண்டை, கறுப்பு உளுந்து, சுக்கு, இன்னும் பெயர் தெரியாத கிழங்குகள். மருந்து இல்லையாம், சத்துணவாம். காலையில் தேத்தண்ணியில் ஒரு கரண்டி கலந்து குடித்தால் மூட்டெல்லாம் இளகிவிடுமாம்.

நாகலெட்சுமி வாங்கி வந்தாள். குடித்தாள். அந்த வாரமே விரல்கள் மடங்கின.

மடங்கின என்று சும்மா சொல்லவில்லை. முந்திய வாரம் புட்டியின் மூடியைத் திறக்க முடியாதவள், இப்போது நீளக் கூந்தலைத் தானே பின்னிக்கொண்டு பெரட்டுக்கு முதல் ஆளாய்ப் போனாள். கூடை நிரம்பியது. கங்காணி முழுப் பேர் போட்டார். லயமே மூக்கில் விரலை வைத்தது. நாகலெட்சுமி வாசல் இஸ்தோப்பில் நின்று இரண்டு கையையும் விரித்து விரித்து மூடிக் காட்டி, சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள்.

வீரம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“பெரண்டத் தொவையலு நானும்தான் அரைச்சிருக்கேன். அத தின்னு ஒரு வாரத்துல எந்திரிச்சு ஓடுன ஆள நான் பாத்ததில்ல” என்றாள்.

“ஒனக்கு எதுலதாங்க்கா சந்தேகம் இல்ல? என் கையப் பாரு. இதுவுமா பொய்யி?”

கை பொய் இல்லை. அதுதான் வீரம்மாவை அரித்தது. அன்று முதல் தங்கையைக் கவனிக்கத் தொடங்கினாள். நாகலெட்சுமிக்குப் பசி எடுத்தது. ஒரு ரொட்டியோடு எழுந்துவிடுகிறவள், நாலைத் தின்றுவிட்டுச் சட்டியைத் துழாவினாள். தூக்கம் குறைந்தது. பேச்சு கூடியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்தாள். மாதங்கள் போகப் போக முகம் உருண்டு திரண்டு பளபளவென்று வந்தது. கன்னம் உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது.

“ஒடம்பு தேறிடுச்சு பாரு! மொகத்துல களை வந்திருச்சு” என்று லயத்துப் பெண்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். கன்னம் ஒட்டி, எலும்பு துருத்திக்கொண்டிருப்பதுதான் நோய் என்று அறிந்த சனம் அது. முகம் உருண்டால் அது சத்து பிடித்த அடையாளம். இத்தனை சந்தேகம் பிடித்த வீரம்மாவுக்குக்கூட அந்த முகத்தின் மேல் சந்தேகம் வரவில்லை. நாலு பேர் முகத்தைப் புகழ்ந்தபோது அவளும் உள்ளூர மகிழ்ந்துதான் போனாள். அவள் சந்தேகமெல்லாம் அந்தப் பசியிலும் சிரிப்பிலும் போய் நின்றது. பசி, தூக்கமின்மை, காரணமில்லாத சந்தோஷம். இதெல்லாம் எதைத் தின்றால் வரும்? அவளுக்குத் தெரியாதா என்ன? கஞ்சா லேகியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு இறங்கிப் போனாள். பொன்னையா வைத்தியர் நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய வெற்றிலையுமாக உட்கார்ந்திருந்தார்.

“இதுல என்னாங்க போடுறீங்க?”

“எல்லாம் மூலிகை தாயீ. சோறு மாதிரி, கஞ்சி மாதிரி. ஒடம்புக்குச் சத்து.”

“அப்ப ரெண்டு நாளு குடிக்காட்டி ஒண்ணும் ஆகாதுல்ல?”

வைத்தியர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். “அது மட்டும் செய்யாதீங்க. ஒரு வேளகூட விடக்கூடாது. விட்டா பலன் போயிரும்.”

“சோறு மாதிரிங்கிறீங்க. சோத்த நாங்க எத்தனையோ நாளு விட்டிருக்கோமே. ஒண்ணும் ஆகலியே?”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீரம்மா முன்பக்கம் வந்து மஃறூப் நானாவைப் பிடித்தாள்.

“நானா, ஒங்க பின்னறையில இருக்கிற ஆளு. ஒங்களுக்குத் தெரியாம இருக்காது.”

நானா குரலைத் தாழ்த்தினார். “எனக்கு வாடகைக்கு இருக்கிறவரு, அவ்வளவுதான். கொழும்பிலிருந்து பார்சல் வருது. கொல்லிமலைச் சரக்குக்குக் கொழும்பிலேருந்து என்னா பார்சல்னு எனக்கும் ஒரு யோசனைதான். கேக்கப்போனா வாடகைக்கு வேற ஆளப் பாருன்னுடுவாரு.”

போதும். விடக்கூடாது என்று வைத்தியர் சொன்ன அந்த ஒரு பேச்சே வீரம்மாவுக்குப் போதும். கசிப்புக் காய்ச்சுகிறவனும் இராமையாவிடம் அதைத்தான் சொல்லியிருந்தான், விட்டால் உடம்புக்கு ஆகாது என்று. வீட்டுக்கு வந்ததும் பொடி டின்னை எடுத்துக்கொண்டு போய் லயத்துக்குப் பின்னால் ஓடிய வடிகாலில், கானில் கொட்டினாள். நல்ல மழைத் தண்ணீர். ஒரு சிட்டிகை மிச்சமில்லாமல் அடித்துக்கொண்டு போய்விட்டது.

நாகலெட்சுமி அழுதாள். “என் கை போயிரும்க்கா. பேர வெட்டிருவாங்க!”

“கை போனா நான் சோறு போடுறேன். கஞ்சாக்காரியா ஒன்ன வச்சுப் பாக்க என்னால ஆகாது.”

“நான் கஞ்சாக்காரியா?” என்று அவள் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மூட்டுகள் பழையபடி வீங்கின. அதற்கடுத்த நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. குடித்த தேத்தண்ணி தங்கவில்லை. எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டியது. கைகால் சில்லிட்டு, உடம்பு வெடவெடவென்று ஆடியது. இராமையா கிடந்த கிடை அப்படியே இங்கேயும் இருந்தது. வீரம்மாவுக்குத் தான் பிடித்தது சரி என்று ஒரு திருப்தி. அதை நான் மறைக்கப் போவதில்லை. தங்கை தரையில் கிடந்து துடிக்கும்போது அவளுக்கு உள்ளே ஒரு திருப்தி இருந்தது.

“ஏக்கம்டி. பொடி கேக்குது ஒடம்பு. பல்லக் கடிச்சுக்க. நாலு நாளுல தெளிஞ்சிரும்.” எலுமிச்சம் தண்ணீரை வாயில் ஊற்றினாள்.

“ஏக்கம் இல்லக்கா. எனக்கு உசுரே போற மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.”

“இவரும் அதத்தான் சொன்னாரு. ஒவ்வொரு தடவையும் உசுரு போச்சு. ஆளு அந்தா உக்காந்திருக்காரு பாரு.”

அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்த இராமையா அன்று வாயைத் திறந்தான். “புள்ள, எனக்கு வந்தது வேற. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது, ஆத்திரமா வந்துச்சு, கதவ ஒடைக்கிற அளவுக்குத் தெம்பு இருந்துச்சு. இவ கத்தக்கூட முடியாம கெடக்குறா. இது ஏக்கம் மாதிரி இல்ல.”

“குடிகாரன் சாட்சி சொல்ல வந்துட்டான்! இவளுக்குப் பொடி வாங்கிக் குடுக்க ஒனக்கு மனசு இளகுது, அதான?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வீரம்மா மறுநாள் காலை கதவை வெளியே பூட்டிவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு மலைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் மனது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இராமையாவைப் பூட்டிவிட்டுப் போன நாளிலும் இப்படித்தானே இருந்தது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆண்களுக்குத் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். பெண்கள் சாயங்காலம் வரை கொழுந்து எடுக்க வேண்டும். இராமையா திரும்பி வந்து கதவோரம் நின்று, “லெட்சுமி” என்று கூப்பிட்டான். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டான். பிறகு கவ்வாத்துக் கத்தியால் பூட்டை நெம்பிப் பிய்த்தான். உள்ளே அவள் சுவரோரம் உருண்டு கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. அவளுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்த கொழுந்து லொறியை நடுவில் நின்று மறித்தான். டிரைவர் வைதான். இராமையா அவன் காலில் விழுந்தான். கொழுந்துச் சாக்குகளுக்கு மேலே நாகலெட்சுமியைக் கிடத்திக்கொண்டு லொறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனது.

சேதி மலைக்கு எட்டி, வீரம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தங்கையின் கையில் ஊசி குத்திப் போத்தலிலிருந்து மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலருகே நின்ற டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபத்தில் இருந்தார்.

“இவ என்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவ?”

வீரம்மா சொன்னாள். பொடி, கடைத்தெரு, பிரண்டை, எல்லாம் சொன்னாள்.

“முகம் எப்ப இருந்து இப்பிடி உருண்டது?”

“அது ஒடம்பு தேறுனதுங்க.”

“தேறினதில்லை, மருந்து செய்த வீக்கம். அந்தப் பொடிக்குள்ள இங்கிலிஷ் குளிசையை அரைச்சுக் கலந்திருக்கிறான். மூட்டு நோவை உடனே அடக்கிற பலத்த குளிசை. மாசக்கணக்காச் சாப்பிட்டா உடம்பு தான் செய்ய வேண்டிய வேலையை மறந்துபோகும். பிறகு திடீரெண்டு நிப்பாட்டினா ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போயிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்க வேணும். பொடி மிச்சம் கிடக்குதோ? பரிசோதனைக்கு அனுப்பினா அவனைப் பிடிக்கலாம்.”

“கான்ல கொட்டிட்டேங்க.”

“ஆர் நிப்பாட்டினது?”

“நாந்தாங்க. அதுல என்னமோ இருக்குன்னு எனக்கு மொதல்லயே சந்தேகம்ங்க. கஞ்சான்னு நெனச்சேன்.”

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது. “சந்தேகப்பட்டது சரிதான் அம்மா. பொடி கள்ளப் பொடிதான். ஆனா வாந்தி எடுக்கேக்கையே கொண்டுவந்திருக்கலாமே. அவ உங்களிட்ட ஒண்டும் சொல்லேல்லையோ?”

வீரம்மா முந்தானையில் முடிந்திருந்த சாவியைப் பிடித்துக்கொண்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நாகலெட்சுமி வீட்டுக்கு வந்தாள். கையில் சின்ன வெள்ளைக் குளிசைகள் அடங்கிய போத்தல். காலையில் ஒன்று, மத்தியானம் பாதி. டாக்டர் மாதா மாதம் குறைப்பார். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, தவறினால் இந்தத் தடவை லொறி வந்து சேர்வதற்குள் முடிந்துவிடும் என்று வீரம்மாவிடமே அழுத்தி அழுத்திச் சொல்லி அனுப்பியிருந்தார். பொன்னையா வைத்தியர் அதற்குள் பின்னறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கத்து லயங்களில் இன்னும் பொடி குடித்துக்கொண்டிருந்தவர்களை வீரம்மா வீடு வீடாகப் போய் எச்சரித்தாள். நிறுத்திவிடாதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்றாள். “ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?” என்று சிரித்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் காலை. வீரம்மா விடியுமுன் எழுந்து தேத்தண்ணி ஊற்றி, குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நாகலெட்சுமி கோப்பையை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். குடிக்காமல் தரையில் வைத்தாள்.

“இதுல என்னா போட்டுருக்க?”

“சீனிதாண்டி.”

“அது என்னா மாத்திர?”

“ஆஸ்பத்திரியில குடுத்ததுடி. நீயும்தான பாத்த.”

“போத்தல்ல வேற மாத்திரய மாத்தி வச்சிருந்தா எனக்கு எப்புடித் தெரியும்?”

குறி சொல்கிறவன் சொன்னாலும் நம்புகிறவள் கேட்கிற கேள்வி அது. “நான் எதுக்குடி மாத்தப்போறேன்? ஒன்னத் தூக்கி வளத்தவடி நானு.”

“பொடி திருட்டுப் பொடின்னு சொன்ன. சரிதாங்க்கா. டாக்டரும் அதையேதான் சொன்னாரு.” நாகலெட்சுமியின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வீரம்மாவும் திருப்பிச் சண்டை போட்டு ஆறியிருப்பாள். “நான் பொய் சொல்ல மாட்டேன்னு லயம் பூராவும் நீதான் சொல்லிட்டுத் திரிவ. உசுரு போவுதுக்கான்னு சொன்னேனே. எத்தன தடவ சொன்னேன். அப்ப என்னயப் பூட்டிட்டுப் போனியே.”

வீரம்மா அழுதாள். இராமையாவுக்காகக்கூட அப்படி அழுததில்லை. நாகலெட்சுமி அந்த அழுகையையும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. குளிசை வீரம்மாவின் வியர்த்த கையில் கரையத் தொடங்கியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

“முழுங்குடி, ஒன் காலுல விழுறேன். டாக்டரு சொன்னது ஞாபகம் இருக்குல்ல?”

“மாமா குடுக்கட்டும். திங்கிறேன். நீ வெளிய போ.”

அடுப்போரம் இருந்த இராமையா திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தான். வீட்டில் ஒரு சீனிக் கரண்டியைக்கூட அவள் அவனை நம்பிக் கொடுத்தது கிடையாது. வீரம்மா எழுந்து போத்தலை அவன் கையில் வைத்தாள். வெளியே வந்தாள். அவன் உள்ளேயிருந்து கதவைச் சாத்தினான்.

இஸ்தோப்பில் பனி வாடை அடித்தது. பக்கத்துக் காம்பராப் பெண்கள் கூடையோடு இறங்கிப் போகும்போது, “என்னா, வெளிய நிக்கிற?” என்று கேட்டுக்கொண்டு போனார்கள். கதவில் இடுக்கு இருந்தது. கண்ணை வைத்தால் உள்ளே தெரியும். அவள் இடுப்பில் சுற்றியிருந்த சாக்குப் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைப் பக்கம் திரும்பி நின்றாள்.

கதவு திறந்தது. இராமையா வந்து நின்றான்.

“முழுங்கிட்டா” என்றான்.

“மத்தியானமும் பாதி குடுக்கணும்.”

“குடுப்பேன்.”

அவனை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் வீரம்மா கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.